என் வகிடும் ஈசானியக் கிணறும்

என் பேத்தி வீடு விற்றுக் கொடுக்கிறாள். நான் செய்ததும் அதே தொழில்தான். என்னைத் தரகன் என்றார்கள், அவளை ஏஜண்ட் என்கிறார்கள். நான் சைக்கிள் மிதித்தேன், அவள் விரலால் கைப்பேசியைத் தேய்க்கிறாள். மற்றபடி பொய்யும் புன்னகையும் பரம்பரைச் சொத்து.

போன வாரம் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் கருவிகளையெல்லாம் காட்டினாள். ஒரு செயலியில் ஊரிலுள்ள காலி வீடுகள் வரிசையாக வருகின்றன. இன்னொன்றில் உள்ளே நுழையாமலே சமையலறை வரை நடந்து போகலாம். இன்னொன்று வீட்டின் வரைபடத்தை அதுவாகவே போடுகிறது. அதில் ஒரு பொத்தானைத் தட்டினாள். வீடு அப்படியே கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் வலமாகத் திரும்பிக்கொண்டது. இரட்டை வீடுகளுக்கு இது ரொம்ப உதவியாம். ஒரு வீட்டுக்கு வரைந்துவிட்டுத் தட்டினால் பக்கத்து வீடும் தயார்.

நான் சிரித்தேன். இருமல் வரும்வரை சிரித்தேன். "ஏன் தாத்தா, என்னாச்சு?" என்று முதுகைத் தட்டினாள். "இந்தப் பொத்தானை நான் மெர்டேக்கா காலத்திலேயே தட்டிட்டேன்மா" என்றேன். அவள் நம்பவில்லை. எழுதினாலாவது நம்புவாளோ என்று எழுதுகிறேன்.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து, சுவர்களில் ஒட்டிய தாள்கள் வெளுத்துக்கொண்டிருந்த காலம் அது. வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்ட வேலைக்கு நம்மாட்கள் ஏறினார்கள். வேலை ஏறினால் வீடும் மாற வேண்டும் அல்லவா? மலாக்காவில் எல்லோரும் வீடு தேடினார்கள். எனக்கு வேறு எந்த வேலையும் தங்கவில்லை. ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடைக்கு மேலே ஓர் அறையில் குடியிருந்தவன், பிறருக்கு வீடு பார்த்துக் கொடுக்கக் கிளம்பினேன்.

என் கருவிகளையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது சைக்கிள். உஜோங் பாசிரில் ஒரு வீடு காலி என்று காதில் விழுந்தால் மிதிப்பேன். போய்ச் சேர்ந்தால் அங்கே யாராவது குடிவந்து துணி காயப்போட்டிருப்பார்கள். அதுதான் அன்றைய தேடுபொறி. இரண்டாவது, சீனர் கோப்பிக்கடைத் தொலைபேசி. கடை முதலாளியான தவுக்கே என் ஆள் போலவே பேசுவார். யார் கூப்பிட்டாலும் "அவர் வெளியே போயிருக்கார்" என்று மலாயில் சொல்லுவார். நான் அவர் எதிரிலேயே உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருப்பேன். தரகன் எப்போதும் வெளியே போயிருந்தால்தான் மரியாதை என்பது அவர் கொள்கை. மூன்றாவது ஒரு சாவிக்கொத்து. அதில் பாதிச் சாவிகளுக்குப் பூட்டே கிடையாது. கனத்துக்காகக் கோத்தவை.

நான்காவதுதான் விவகாரம். ஒரு பெட்டிக் கேமரா. என்னுடையது அல்ல, முடிவெட்டும் நண்பனுடையது. இரவல் கேட்டால் கொடுப்பான். ஆனால் ஒரு நிபந்தனை: எடுக்கிற படத்தில் நான் இருக்க வேண்டும், என் தலை தெரிய வேண்டும். "வீட்ட யார்டா பாக்கப் போறா? என் கை வேலைய பாக்கட்டும்" என்பான். அதனால் நான் விற்ற வீடுகளின் படங்களில் எல்லாம் வாசலில் ஒருவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் வழிய, பக்கவாட்டில் வகிடு எடுத்து நிற்பான். வீட்டோடு அவனும் சேர்த்திதானோ என்று பலர் பயந்திருக்கிறார்கள்.

அந்த நாளில் ஒரு கிராணி என்னைத் தேடி வந்தார். ரப்பர் கிடங்கு ஒன்றில் கணக்கெழுதுகிறவர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், ஒல்லி, பேசும்போது சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பார். ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பியவர். அதற்குப் பிறகு நான்கு வருடமாக மனைவி அங்கே, அவர் இங்கே. நாகப்பட்டினம் பக்கத்திலிருந்த மாமனார், "முதல்ல வீட்டைக் காட்டு, அப்புறம் பொண்ணைக் கேளு" என்று சொல்லிவிட்டார். மனையடி சாஸ்திரத்தில் பெரிய நம்பிக்கை அவருக்கு. படம் அனுப்பினால் பார்த்துவிட்டுச் சொல்வாராம்.

"ரெண்டு வீடு அனுப்பிட்டேன் தம்பி. ஒண்ணுல வாசலுக்கு நேரா கம்பம் நிக்குதாம். இன்னொண்ணு பக்கத்துல சவப்பெட்டிக் கடை இருக்குன்னு கண்டுபிடிச்சிட்டாரு. கப்பல் தூரத்துல ஒக்காந்துகிட்டு எப்படித்தான் பாக்குறாரோ."

"கண்ணு நல்ல கண்ணு அண்ணே."

"சிரிக்காதய்யா. குடியேறுற சட்டம் மாறப் போவுதுன்னு பேசிக்கிறாங்க. பொண்டாட்டிய கூட்டியாறவங்க இப்பவே கூட்டிக்கணுமாம். இதுவும் தட்டிப் போச்சுன்னா அவ அங்கேயேதான், நான் இங்கேயேதான்."

இதைச் சொல்லும்போது அவர் கையில் பொத்தான் கழன்று வந்துவிட்டது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் என்னிடம் கொடுத்தார். நானும் என்ன செய்வதென்று தெரியாமல் வாங்கி வைத்துக்கொண்டேன்.

காஜா பெராங்கில், பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாய் பேசிப் பழகிவிட்ட தமிழ்வழிச் சிட்டி மக்கள் குடியிருக்கும் பக்கத்தில், ஒரு வீடு கிடைத்தது. கிழக்குப் பார்த்த வாசல், முன்னால் முற்றம், முற்றத்தில் கிணறு, ஓட்டுக்கூரை. வீட்டுக்காரர் சிட்டி. நெற்றியில் என்னைவிடப் பட்டையாக விபூதி, வாயில் முழுக்க மலாய். நான் கோயிலுக்குப் போகாத நாட்களைக் கணக்குப் பார்த்தால் சாமிக்கு என்னைவிட அவரைத்தான் நன்றாகத் தெரியும். எனக்கோ மலாய் சந்தைக்குப் போகிற அளவுக்குத்தான் வரும். இரண்டு பேரும் கையாலும் சிரிப்பாலும் வாடகை பேசி முடித்தோம். கேமராவை அவர் கையில் கொடுத்து, எதை அமுக்குவது என்று காட்டிவிட்டு, சைக்கிளோடு வாசலில் போய் நின்றேன். காலையில்தான் நண்பன் முடி வெட்டியிருந்தான். மழைக்காலத்து வாய்க்கால்போல் நேரான வகிடு.

சீனர் ஸ்டுடியோவில் படம் கழுவிக் கொடுத்தார்கள். முந்தைய படங்களில் என் முகம் நிழலாகத்தான் விழுந்திருந்தது, தெளிவாக விழுந்தது இதில்தான். வாங்கிப் பார்த்தேன். மனசு உடைந்துபோயிற்று. அதில் இருந்தவன் நான் இல்லை. வாய் ஒரு பக்கம் கோணல், ஒரு புருவம் மேலே, வகிடு தப்பான பக்கத்தில். நான் தினமும் கண்ணாடியில் பார்த்து மனதுக்குள் பாராட்டி வந்த அழகன் எங்கே, இந்த ஆள் எங்கே?

ஸ்டுடியோக்காரரிடம் சண்டைக்குப் போனேன். இது என் முகமே இல்லை என்றேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இதேதான் உன் முகம் என்று மலாயில் பொறுமையாகச் சொன்னார். நான் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று காட்டினேன். "பாருங்க, இந்தப் பக்கம் வகிடு!" அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பைத்தியங்களோடு வாதாடக் கூடாது என்று அவர் குடும்பத்திலும் யாராவது சொல்லி வைத்திருக்க வேண்டும். உள்ளே போனார். படச்சுருளைத் திருப்பி வைத்து வேறொரு படம் போட்டுக்கொண்டு வந்தார்.

"இனி மாச்சம் போலே?" இப்படி இருந்தால் சரியா என்று கேட்டார்.

சரியா? அற்புதம்! கண்ணாடியில் இருந்தவன் அப்படியே வந்து நின்றான். இதல்லவா நான்! அவருக்கு இரண்டு முறை நன்றி சொன்னேன். என்னைத் திருப்பினால் என் பின்னால் இருக்கும் வீடும் திரும்பும் என்பது என் மூளைக்கு எட்டவில்லை. நான் வீட்டைப் பார்த்தால்தானே எட்டும்? வீட்டு எண்ணாவது காட்டிக் கொடுத்திருக்கலாம். அது வெறும் எட்டு. எட்டைத் திருப்பிப் போட்டாலும் எட்டு.

கிராணியிடம் கொடுத்தேன். அவராவது பார்த்திருக்கலாம். அவர் தினமும் வேலை முடிந்ததும் அந்த வீட்டுக்குப் போய், வாசற்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். ஆனால் அங்கே உட்கார்ந்து அவர் பார்த்தது வீட்டையா? படத்தைக் கையில் வாங்கி, "இந்த ஜன்னல் பக்கத்துல நிப்பா" என்று மட்டும் சொன்னார். அனுப்பி வைத்தார்.

பதில் வந்தது. கிழக்கு வாசல், ஈசானியத்தில் கிணறு, இப்படி ஒரு மனை அமைய மாப்பிள்ளை கொடுத்து வைத்திருக்க வேண்டும், மகளை அழைத்துக்கொண்டு நானே கப்பலேறுகிறேன் என்று மாமனார் எழுதியிருந்தார். கிராணி என்னைக் கோப்பிக்கடையில் கண்டுபிடித்துக் கட்டிக்கொண்டார். கோப்பி கவிழ்ந்தது.

"ஈசானியம்னா எந்தப் பக்கம் அண்ணே?" என்று கேட்டேன்.

"தெரியலையே. மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

வீட்டுத் தரகனுக்கு ஈசானியம் தெரியாது. நீச்சல் தெரியாதவன் படகுக்காரனாக இருந்ததுபோல. நாங்கள் இரண்டு பேரும் அதற்காக இன்னொரு கோப்பி குடித்தோம்.

அதன் பிறகு கிராணி மனிதராகவே இல்லை. ஜன்னலுக்குத் திரை வாங்கினார். பிடிக்கவில்லை என்று வேறு வாங்கினார். கிணற்றுத் தண்ணீரை இறைத்துக் குடித்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் உப்பா இருக்கா?" என்று என்னையும் குடிக்கச் சொல்வார். போகும்போதெல்லாம் குடித்து எனக்கு வயிறே ஊதிவிட்டது. "சர்க்கரை மாதிரி இருக்கு அண்ணே" என்று சத்தியம் செய்தேன். என் தொழிலில் அவ்வளவு மனப்பூர்வமாக நான் பொய் சொன்னதில்லை.

கிராணி கிள்ளான் துறைமுகத்துக்குப் போய் மனைவியையும் மாமனாரையும் அழைத்துக்கொள்ள, மூவரும் டாக்சியில் வந்து இறங்கினார்கள். காலை வெயில் முற்றத்தில் விழுந்திருந்தது. சிட்டி வீட்டுக்காரரும் அவர் மனைவியும் வாசலில் நின்றார்கள். நானும் நின்றேன், தலை சீவி.

முதலில் மாமனார் இறங்கினார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் குடை. பிறகு அந்தப் பெண். கடல் பயணத்தில் கன்னம் ஒட்டியிருந்தது. வீட்டை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு கணவரைப் பார்த்தாள், சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். கிராணியோ அவள் டிரங்குப் பெட்டியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, எங்கே இறக்குவது என்று தெரியாமல் நின்றார். வழியெல்லாம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று டாக்சிக்காரர் பிற்பாடு என்னிடம் சொன்னார். பெரியவர்தான் ஜொகூர் வரைக்கும் கேட்கிற மாதிரிப் பேசிக்கொண்டு வந்தாராம்.

சிட்டி அம்மாள் ஏதோ மலாயில் சொல்லி, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். மாமனார் மட்டும் முற்றத்தின் நடுவில் நின்றார். மடியிலிருந்து படத்தை எடுத்தார். பார்த்தார். முற்றத்தைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். ஒரு முறை தன்னைத்தானே சுற்றி வந்தார்.

"மாப்ள, கிணறு எங்க?"

"அதோ இருக்கே மாமா."

"அது அக்கினி மூலை."

கிராணி பெட்டியோடு திரும்பி என்னைப் பார்த்தார். நான் சைக்கிளைப் பார்த்தேன்.

"படத்துல கிணறு ஈசானியத்துல இருக்கு. வடகிழக்கு. இங்க தென்கிழக்குல கெடக்கு. நெருப்பு இருக்க வேண்டிய எடத்துல தண்ணி! குடும்பம் வெளங்குமா? இது வேற வீடு."

"இதே வீடுதான் மாமா. எட்டாம் நம்பர்."

"அப்ப கிணறு நடந்து போச்சா?"

அவர் என்னிடம் வந்தார். என் முகத்துக்கு நேரே படத்தைப் பிடித்தார். என் தலையைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். எனக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது.

"தம்பி, படத்துல ஒங்களுக்கு வலது பக்கம் வகிடு. நேர்ல இடது பக்கம் எடுத்திருக்கீங்க. கிணத்தோட சேர்ந்து நீங்களும் எடம் மாறிட்டீங்களா?"

நான் சொன்னேன். வேறு என்ன செய்வது? ஸ்டுடியோ, கண்ணாடி, கோணல் வாய், புருவம், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் கதை எனக்கே அசிங்கமாக இருந்தது. அந்த முற்றத்தில் ஒரே ஓர் ஆள்தான் சிரித்தார், அந்தச் சிட்டி. அவருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. நான் வாயைக் கோணிக் காட்டியது மட்டும் பிடித்திருந்தது.

"ஒன் மூஞ்சி நல்லா இருக்கணும்னு எம் பொண்ணு வாழப் போற வீட்டத் திருப்பிப் போட்டியாடா?" 'தம்பி', 'நீங்க' எல்லாம் போய் 'டா' வந்திருந்தது. "மாப்ள, பெட்டிய டாக்சியில வையுங்க. அடுத்த கப்பல்ல திரும்புறோம்."

"மாமா, வேற வீடு பாக்குறேன்..."

"பாருங்க. பாத்துட்டு எழுதுங்க. மூணு வீடு பாத்தாச்சு, மூணுலயும் கோளாறு. இது நமக்குத் தெய்வம் சொல்ற சேதி."

கிராணி பெட்டியைக் கீழே வைக்கவும் இல்லை, டாக்சியில் ஏற்றவும் இல்லை. கிணற்றருகே போய், அதன் சுவரில் இடுப்பைச் சாய்த்து நின்றார். தள்ளினால் நகருமா என்று பார்க்கிறவர்போல் இருந்தது. அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய்விட்டேன்.

பின்பக்கம் சமையலறை ஜன்னல். உள்ளே அந்தப் பெண் கரியடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சிட்டி அம்மாள் புதுப் பானை, பால் எல்லாம் ஏற்கெனவே கொண்டு வந்து வைத்திருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு மலாய் தெரியாது. ஆனால் புதுவீட்டில் முதலில் எதை அடுப்பில் வைப்பது என்பதை ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. முற்றத்துச் சத்தம் இங்கே தெளிவாகக் கேட்டது.

என் நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தேன்.

"அண்ணே, இதுல கெழக்கு எந்தப் பக்கம்?"

எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே திசை அதுதான். வாசல் பக்கம் கையைக் காட்டினேன்.

"நல்லாத் தெரியுமா?"

"அது தெரியும் தங்கச்சி. சத்தியமா."

"அப்ப கீழ ஒரு ஓட்டுச்சில்லு கெடக்கான்னு பாருங்க. சின்னதா."

கூரையிலிருந்து விழுந்து உடைந்த சில்லுகள் என் காலடியிலேயே கிடந்தன. ஒன்றைத் துடைத்து ஜன்னல் கம்பி வழியே நீட்டினேன். அவள் முந்தானையால் பானையைப் பிடித்துக் கொஞ்சம் தூக்கி, மேற்குப் பக்கம் அடியில் அந்தச் சில்லைச் செருகினாள். பானை வாசலைப் பார்த்து லேசாகத் தலை சாய்த்தது. சிட்டி அம்மாள் விசிறியை எடுத்து வேகமாக விசிறினாள்.

"அப்பா கெட்டவரு இல்லண்ணே. என்னைய விட்டுட்டுப் போவ பயம் அவருக்கு. அதான் நூறு கோளாறு சொல்றாரு." பாலையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "கல்யாணமாயி ஒரு மாசந்தான் சேந்து இருந்தோம். அவரு மொகமே மறந்துரும்போல இருந்திச்சு. கெணறு எங்க இருந்தா எனக்கென்ன?"

நான் இன்னொரு சில்லையும் துடைத்துக் கையில் தயாராக வைத்துக்கொண்டேன்.

பால் நுரைத்தது. விளிம்பில் ஒரு கணம் தயங்கியது. பிறகு வாசல் பக்கமாகப் பொங்கி வழிந்து, அடுப்பில் விழுந்து சீறியது.

"அப்பா!" என்று கத்தினாள். கப்பலில் வந்து களைத்த பெண்ணிடம் அவ்வளவு குரல் இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். "பால் பொங்கிருச்சுப்பா! எந்தப் பக்கம் வழிஞ்சிருக்குன்னு வந்து பாருங்க!"

மாமனார் விரைந்து வந்தார், பின்னால் கிராணி, இன்னும் பெட்டியோடு. பெரியவர் அடுப்புக்கு முன்னால் குனிந்தார். வழிந்த பாலைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு அவர் பார்வை பானைக்கு அடியில் இறங்கி அங்கேயே நின்றது. சில்லு இன்னும் அங்கேதான் இருந்தது. பாலில் நனைந்து, பளபளவென்று, ஊருக்கே தெரிகிற மாதிரி. நான் ஜன்னலுக்குக் கீழே முக்கால்வாசி மறைந்துவிட்டேன்.

அவர் தலையைத் தூக்கி மகளைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. முகமெல்லாம் கரி. சிறு பிள்ளையில் அவள் செய்த ஏதோ ஒரு குறும்பு அவருக்கு நினைவு வந்திருக்குமோ என்னவோ. அவர் வாய் ஒரு மாதிரிக் கோணிற்று. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், அப்படியே கொஞ்ச நேரம் துண்டை எடுக்காமல் வைத்திருந்தார்.

"கெழக்குதான்" என்றார் துண்டுக்குள்ளிருந்து. "கெழக்கால பொங்குன வீட்ட விட்டுட்டுப் போவக் கூடாது. அந்தப் பெட்டிய எறக்குங்க மாப்ள, எவ்ளோ நேரந்தான் தூக்கிட்டு நிப்பீங்க?"

பேத்தி காட்டிய செயலிகள் எல்லாம் நல்லவைதான். ஆனால் என் தொழிலில் எனக்குக் கிடைத்த மிக உதவியான கருவி எது என்று யாராவது கேட்டால், நான் ஓட்டுச்சில்லு என்றுதான் சொல்வேன். அதைக் கையாளத் தெரிந்த ஆள் நான் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன்.

என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். எல்லோரும் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்தோம். அவள் பாலில் சர்க்கரை போட்டு எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். அப்பாவுக்கு முதலில், சிட்டி தம்பதிக்கு அடுத்து, பிறகு எனக்கு. எனக்கு வந்தது அடிப்பிடித்த பகுதி. நியாயம்தான். கடைசியாகக் கணவரிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிப்பு போதுமா?" என்று கேட்டாள். அவர்கள் இருவரும் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை அது.

"போதும், போதும்" என்றார் கிராணி.

அவர் இன்னும் வாயில் வைக்கவே இல்லை.